வீட்டுக்கு எந்த பிளானர்? காலண்டர், டைரி, நோட்டு: ஒரு ஒப்பீடு

டிசம்பர் பிறந்தால் போதும். நகைக்கடையிலிருந்து ஒரு தினசரி காலண்டர், மளிகைக்கடையிலிருந்து ஒரு மாதக் காலண்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் கையால் ஒரு டைரி என்று வீடு நிறைந்துவிடும். போதாததற்கு ஆன்லைனில் தேடினால் தண்ணீர் குடிக்கும் கணக்கு, தூக்கக் கணக்கு, ‘இன்று எதற்கு நன்றி’ என்றெல்லாம் அச்சடித்த பிளானர்கள் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை கிடைக்கின்றன. இவற்றில் எதை வைத்துக்கொண்டு குடும்ப வேலைகளைத் திட்டமிடுவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர் என்று இருக்கும் வீட்டுக்கு, சமையலறைப் பக்கத்துச் சுவரில் எழுத இடமுள்ள மாதக் காலண்டர் ஒன்றும், தேதி அச்சிடாத சாதாரண நோட்டு ஒன்றும் போதும்.

அழகான பிளானர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாங்கியவர் மட்டும்தான் அதைத் திறப்பார். வீட்டின் எல்லாத் தேதிகளும் ஒருவருடைய கைப்பைக்குள் இருந்தால், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபீஸ் கட்டியாச்சா, சிலிண்டர் எப்ப மாட்டினோம், கல்யாணம் இந்த ஞாயிறா அடுத்த ஞாயிறா என்று. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் அம்மாதான். பிளானர் வந்த பிறகு அவருக்கு எழுதும் வேலை ஒன்று கூடியதுதான் மிச்சம். ஆகவே ஒவ்வொன்றையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, அது எத்தனை பேர் கண்ணில் படும், எத்தனை பேர் அதில் எழுதுவார்கள் என்பதைத்தான். தாள், விலை, அட்டை அழகு எல்லாம் அப்புறம்.

எதையெல்லாம் குறிக்க வேண்டியிருக்கிறது

ஒரு வீட்டில் குறித்து வைக்க வேண்டியவை எல்லாம் ஒரே ரகம் கிடையாது. சில, தவணை முறையில் திரும்பத் திரும்ப வருபவை. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். நகரங்களில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஸ்கூல் டெர்ம் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், எல்ஐசி பிரீமியம் எல்லாம் இந்த ரகம்.

இன்னும் சில, விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டியவை. ரயில் முன்பதிவு இதற்கு நல்ல உதாரணம். முன்பு பயணத்துக்கு 120 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள், பயணத் தேதியைச் சேர்க்காமல். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவு, அதாவது நவம்பர் 6 அன்று சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் டிக்கெட் திறக்கும் நாள் செப்டம்பர் 7, காலை 8 மணி. நவம்பர் பக்கத்தில் ‘ஊருக்கு’ என்று எழுதி வைத்திருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. செப்டம்பர் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இப்படி முன்னால் போய் எழுத முடிகிற காகிதம்தான் வீட்டுக்கு உதவும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதிப் பொருட்களைக் கழித்துவிடலாம்.

மூன்றாவது, தினமும் நடப்பவை: பால், தண்ணீர் கேன், மாத்திரை, நடைப்பயிற்சி. நான்காவது, எப்போது வரும் என்று தெரியாமல் வந்து சேருபவை: பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர், பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பேரன்ட்ஸ் மீட்டிங். ஒரே புத்தகம் இந்த நான்குக்கும் சரிவராது என்பது இதிலேயே தெரிகிறது.

தாள் கிழிக்கும் தினசரி காலண்டர்

நம் ஊரில் இது இல்லாத வீடு குறைவு. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டு காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள். அந்தச் சின்னத் தாளில் இருக்கும் தகவலைப் பாருங்கள்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், ராசிபலன். வேறெந்த பிளானரும் ஒரு நாளைப் பற்றி இவ்வளவு சொல்லாது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று விரதம் இருப்பவர்களுக்கும், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பவர்களுக்கும் இது இல்லாமல் ஓடாது.

ஆனால் திட்டமிட இது உதவாது. இன்றைய தேதி மட்டும்தான் தெரிகிறது. வரப்போவதெல்லாம் அடியில் மறைந்து கிடக்கிறது, போனதெல்லாம் குப்பைக் கூடையில். செப்டம்பர் 7-ஆம் தேதித் தாளைத் தேடிப் புரட்டி எழுதினாலும், அந்த நாள் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது. காலை 8 மணிக்குப் பிறகு யாராவது தாளைக் கிழித்தால் டிக்கெட்டும் போச்சு. பிள்ளைகளுக்குத் தாள் கிழிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, இதைத் தகவல் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிழித்த தாளின் பின்பக்கம் பெரும்பாலும் வெற்றாக இருக்கும். மளிகைச் சிட்டைக்கு அதைவிடச் சரியான அளவுத் தாள் கிடையாது.

மாதக் காலண்டர்

எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முப்பது நாளும் ஒரே பார்வையில் தெரிகிறது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் இதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். அமாவாசை, முகூர்த்த நாள், அரசு விடுமுறை எல்லாம் ஏற்கெனவே அச்சாகி இருப்பதால் நாம் எழுதுவது அவற்றோடு சேர்ந்து தெரிகிறது. ஆவணியில் மூன்று கல்யாணம் ஒரே வாரத்தில் விழுகிறது என்பது டைரியைப் புரட்டித் தெரிவதைவிடச் சுவரில் சீக்கிரம் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதும் தெரியும். வீட்டு ரிப்பேர், பல் டாக்டர் எல்லாவற்றையும் அங்கே தள்ளலாம்.

இலவசமாக வருகிற எல்லா மாதக் காலண்டரும் இதற்குத் தோதுப்படாது. பாதித் தாளைச் சாமி படமும் கடை விலாசமும் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் கட்டம் முழுக்க ஒரு தடித்த எண். எழுத எங்கே இடம்? எண் ஒரு மூலையில் சின்னதாகவும், கட்டம் குறைந்தது தீப்பெட்டி அளவிலும் இருக்க வேண்டும். அடுத்தது தாள். வழவழவென்று இருக்கும் ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா மை கையில் ஒட்டும். வழவழப்பில்லாத மேப்லித்தோ தாள் என்றால் பென்சிலும் பிடிக்கும். கடையில் கேட்கவே வேண்டாம், விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆபீஸ் காலண்டர் என்று படமில்லாமல் விற்பதை வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குச் செய்கிற செலவுகளில் இதுபோல் மலிவானது வேறு இல்லை.

எழுதும் முறையில் இரண்டு மூன்று விஷயங்கள். டாக்டர் தேதி, ஸ்கூல் மீட்டிங் போன்று மாறக்கூடியவை பென்சிலில். கட்ட வேண்டிய பணமெல்லாம் சிவப்பில். ஆளுக்கொரு நிறம் என்று சிலர் சொல்வார்கள்; நான்கு பேனாவும் ஒரே இடத்தில் ஒரு வாரம்கூட இருக்காது என்பது என் கணிப்பு. பெயரின் முதலெழுத்தை எழுதினால் போதும். பேனாவைக் காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடப் போனவர் திரும்பி வந்து எழுத மாட்டார். பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி, புது சிலிண்டர் மாட்டிய நாளில் ‘சி’. 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு மூன்று ‘சி’க்களுக்கு இடையில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் எப்போது புக் பண்ண வேண்டும் என்று யாரும் சிலிண்டரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. மாதக் கடைசியில் தடுமாற்றம் வரும்: 29-ஆம் தேதி நிற்கும்போது அடுத்த மாதம் 2-ஆம் தேதி என்ன என்று தெரியாது. 25-ஆம் தேதிக் கட்டத்திலேயே ‘அடுத்த மாதம் பார்’ என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே மூச்சில் எழுதி வைத்துவிடலாம். விவரம் எழுதவும் கட்டம் போதாது; ‘டாக்டர் 6.30’ வரைக்கும்தான். கொண்டுபோக வேண்டிய ரிப்போர்ட், கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் வேறெங்காவது போக வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

இன்னொன்று, சுவரில் இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்துபோகும் வேலையாட்களும் பார்ப்பார்கள். ‘14 முதல் 20 வரை ஊரில் இல்லை’ என்று பெரிதாக எழுத வேண்டாம். பேங்க் விவரம், பாஸ்வேர்டு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மாத்திரை, சோதனை விஷயங்களில் பெரியவர்களுக்குச் சங்கடம் இருந்தால் அதையும் சுவரில் ஏற்றாதீர்கள்.

முடிந்த மாதத்தைக் கிழிக்காமல் பின்னால் மடித்து விடுங்கள். போன வருஷம் ஏசி சர்வீஸ் எந்த மாதம் நடந்தது என்று ஒரு நாள் தேவைப்படும்.

டைரி

பக்கத்துக்கு ஒரு நாள் டைரி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆபீஸுக்காக அச்சிட்ட டைரிகள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம், சில நேரம் சனிக்கிழமையோடு ஒட்டுக்குடித்தனம். குடும்பத்துக்கோ அந்த ஒரு நாளில்தான் கல்யாணம், கறிக்கடை, துணி துவைப்பு, பிள்ளைகளின் டியூஷன், மாமனார் வீடு எல்லாம். யாருக்காக அச்சிட்டது என்பது அந்த அரைப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம் என்பது வீட்டு வேலைக்கு அதிகம். செவ்வாய்க்கிழமை எழுத என்ன இருக்கிறது, ‘கேன் 2’ தவிர? காலிப் பக்கங்கள் சேரச் சேர எழுதும் ஆசையும் குறையும். பிப்ரவரிக்குப் பிறகு டைரி பீரோ மேல் ஏறிவிடுவது இப்படித்தான்.

டைரி நடந்ததை எழுதுவதற்கு நல்லது. நம் மொழியில் அதற்குப் பெரிய முன்னோடியே இருக்கிறார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சு கவர்னர் விவகாரங்களோடு வீட்டு விசேஷங்களும் வணிகக் கணக்கும் கலந்தே வரும். வரவு செலவு எழுதுகிற பழக்கமோ, குழந்தை முதலில் நடந்த நாளைக் குறித்து வைக்கிற ஆசையோ இருந்தால் இலவச டைரியை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போவதைத் திட்டமிட அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

தேதி அச்சிட்ட எல்லாவற்றிலும் இன்னொரு தொல்லை இருக்கிறது: ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வருஷம் ஜூனில்தான் பிறக்கிறது. புது டைம்டேபிள், புது வேன், புது டியூஷன், ஃபீஸ் தேதிகள் எல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஜனவரியில் ஒழுங்காகப் போட்ட திட்டம் கோடை விடுமுறையில் குலைந்துபோய், ஜூனில் மறுபடி ஆரம்பிக்கும்போது டைரியில் பாதி வீணாகியிருக்கும்.

விலை கொடுத்து வாங்கும் வாரப் பிளானர்

இரண்டு பக்க விரிப்பில் ஒரு வாரம் என்பது நல்ல அளவு. பிள்ளைகளின் டிபன் பட்டியலும் வாரத்துக்குத்தான் போடுகிறோம், காய்கறிச் சந்தையும் வாரம்தான். வாங்குவதாக இருந்தால் இரண்டைப் பாருங்கள். காலை 8 முதல் மாலை 8 வரை மணிவாரியாகக் கோடு போட்டிருந்தால் அது ஆபீஸ்காரர்களுக்கு. வீடு பரபரப்பாக இருப்பது காலை 5 முதல் 8 வரையும், மாலை 5-க்கு மேலும். இரண்டாவது, அந்த வருஷத் தேதி அச்சாகாமல் இருக்க வேண்டும், எந்த வாரம் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

ஜப்பானிலிருந்து 2001-இல் தொடங்கி உலகமெங்கும் ரசிகர்களைச் சேர்த்த ஹோபோனிச்சி டெச்சோ என்ற பிளானர் போன்றவற்றின் தாள் மெல்லியது, ஆனால் இங்க் பேனா மை மறுபக்கம் ஊறாது. எழுதுவதையே ரசிப்பவருக்கு அது தனிச் சந்தோஷம். அதில் தமிழ் மாதம் இருக்காது, பொங்கல் இருக்காது, ஜப்பான் விடுமுறைகள் இருக்கும். சொந்த உபயோகத்துக்கு வாங்குங்கள், குடும்பத்துக்கு என்று சொல்லி வாங்க வேண்டாம்.

ஜெர்மனியில் வீடுகளுக்கென்றே ஒரு சுவர்க் காலண்டர் விற்கிறார்கள். நாட்கள் மேலிருந்து கீழே, குறுக்கே ஐந்து பத்திகள், ஒவ்வொரு பத்திக்கும் வீட்டில் ஒருவர் பெயர். பெயரின் கீழ் எழுதுவதால் யார் வேலை என்ற சந்தேகம் வராது. அம்மா பத்தி மட்டும் நிரம்பி வழிவதும், மற்றவை காலியாக இருப்பதும் வெளிச்சமாகத் தெரிந்துவிடும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒரு சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து நாமே வரைந்துகொள்ளலாம்; மாதத்துக்குக் கால் மணி நேர வேலை, பிள்ளைகளே செய்வார்கள். கூட்டுக்குடும்பமாக இருந்தால் மாதக் காலண்டரைவிட இதையே முதலில் சொல்வேன்.

நோட்டு, அல்லது புல்லட் ஜர்னல்

நியூயார்க்கைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற டிசைனர், சிறு வயதிலிருந்தே தனக்கிருந்த கவனக்குறைபாட்டைச் சமாளிக்கத் தானே உருவாக்கிய குறிப்பு முறையை 2013-இல் வெளியிட்டார். அதுதான் புல்லட் ஜர்னல். இன்ஸ்டாகிராமில் அதைத் தேடினால் வாட்டர்கலர் பூக்களும் ஸ்டிக்கர்களும் வரும், பயந்துவிடாதீர்கள். அவருடைய அசல் முறையில் ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி. முடிந்தால் அந்தப் புள்ளி மேல் பெருக்கல் குறி. முடியாவிட்டால் மாதக் கடைசியில் அதை அடுத்த மாதப் பட்டியலில் கையால் மறுபடி எழுத வேண்டும். எழுதச் சலிப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்த வேலை உண்மையில் வேண்டுமா என்று யோசித்து அடித்துவிடலாம்.

இந்தத் தள்ளி எழுதும் விதி ஒன்றுக்காகவே நோட்டு வேண்டும் என்பேன். ‘பழைய பீரோவைக் கொடுத்துவிட வேண்டும்’ என்று ஐந்து மாதமாகத் தள்ளி எழுதுகிறவர், ஆறாவது மாதம் ஒன்று பழைய சாமான்காரரைக் கூப்பிடுவார், இல்லை பீரோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார். இரண்டும் நல்ல முடிவுதான். செல்போன் பட்டியலில் அது தானாகவே அடுத்த நாளுக்கு நகர்ந்துகொண்டிருக்கும், யாருக்கும் வலிக்காது.

புள்ளி போட்ட தனி நோட்டு வேண்டியதில்லை. 200 பக்க லாங் சைஸ் ரூல்டு நோட்டு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெல்லிய தாள் என்பதால் இங்க் பேனா, மார்க்கர் மறுபக்கம் தெரியும், பால்பாயின்ட் போதும். தினமும் எடுத்துப் புழங்கினால் முனை சுருளும், அதனால் பிரவுன் அட்டை போட்டுவிடுங்கள். ஸ்பைரல் நோட்டு மேஜையில் விரித்தபடி கிடக்கும் என்பது அதன் சௌகரியம், கம்பி வளைந்தால் புரட்ட முடியாது என்பது அசௌகரியம்.

இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் ‘கடைசியாக எப்போது’ என்று ஒரு பட்டியல் தொடங்குங்கள். எந்த அச்சிட்ட பிளானரிலும் இதை நான் பார்த்ததில்லை, வீட்டுக்கு மிகவும் பயன்படுவதோ இதுதான். சம்ப் கழுவியது, ஆர்ஓ ஃபில்டர் மாற்றியது, ஏசி சர்வீஸ், இன்வர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது, கண்ணாடி பவர் பார்த்தது, பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தது. பூச்சி மாத்திரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்களை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அங்கே கொடுத்தார்களா என்று பிள்ளையிடம் கேட்டு எழுதிவிட்டால் இரண்டு தடவை கொடுக்கும் குழப்பம் இராது. தடுப்பூசியும் அப்படியே. கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரம் என்று எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். 5 வயது பூஸ்டரும், 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியும்தான் நழுவும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தேதியும் வந்து செய்தவரின் போன் நம்பரும்.

ரிங் ஃபைல் வகைப் பிளானர்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லண்டனில் 1921-லிருந்து இருக்கும் ஃபைலோஃபாக்ஸ் அந்த வகையின் பெரிய பெயர். பக்கங்களைக் கழற்றி மாற்றலாம் என்பது வசதி, அதற்குத் தகுந்த ஓட்டைபோட்ட தாள் பக்கத்துக் கடையில் கிடைக்காது என்பது நிதர்சனம். ரசீது, மார்க் ஷீட் நகல் வைக்க ஒரு பாக்ஸ் ஃபைல் வாங்கிக்கொள்ளலாம், அது போதும்.

பழக்கங்களுக்கு எது?

நடை, யோகா, பிள்ளைகள் பல் தேய்ப்பது, இரவு ஒன்பதரைக்கு டிவியை அணைப்பது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது என்று அதில் கண்டார்கள். ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் முப்பது கட்டத்தோடு முடிந்துவிடும் சேலஞ்ச் அட்டைகள் பாதி வழியில் விட்டுவிடும். இரண்டு மூன்று மாதத்துக்காவது இடம் வேண்டும். லாங் சைஸ் நோட்டில் கோடுகளே நாட்களாகிவிடும்: மேலிருந்து கீழே 1 முதல் 31 வரை, ஓரிரு வரி குறைந்தால் அடியில் சேர்த்துக்கொள்ளலாம். குறுக்கே மூன்று பழக்கங்கள், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பழக்கம் எழுதிய பக்கத்தை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளுடையது மட்டும் சுவரில் இருக்கட்டும், குறியும் அவர்களே போடட்டும். நாம் போட்டால் அது ரேங்க் கார்டு ஆகிவிடும்.

சர்க்கரை, பிரஷர் அளவுகளுக்கு இந்தப் பக்கம் ரொம்பவும் பொருந்தும். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று தேதிவாரியாக இருந்தால் டாக்டர் முன்னால் நோட்டை விரித்து வைத்துவிடலாம். போனை அவர் கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்ல முடியாது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் எச்பிஏ1சி என்கிற சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை சுமார் மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், வெளியே வந்ததும் அந்தத் தேதியை எண்ணிக் காலண்டரின் அந்தப் பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.

செல்போன் எதற்கு வேண்டும்?

காகிதம் மணியடிக்காது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில் போட வேண்டும், தட்கல் டிக்கெட் ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி; இவற்றுக்கெல்லாம் அலாரம்தான். கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார் என்றால் சுவரில் எழுதியதை அவர் பார்க்க வழியில்லை, பகிர்ந்துகொள்ளும் கூகுள் காலண்டரே சரி. மாதம் ஒரு தடவை சுவர்க் காலண்டரைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு வழி. தினம் மாறும் டிரைவர் ஷிப்ட், நர்ஸ் டூட்டி போன்ற வேலையில் இருப்பவர்களுக்கும் போனில்தான் திருத்த எளிது.

மற்றபடி, வீட்டுத் தேதிகளை ஒருவர் போனுக்குள் வைப்பதும் ஒருவர் கைப்பைக்குள் வைப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. பாட்டிக்கும் பேரனுக்கும் அந்த போனின் லாக் நம்பர் தெரியாது. மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகை எல்லார் கண்ணிலும் படும், ஆனால் அழித்தால் போச்சு, போன மாதம் என்ன நடந்தது என்று கேட்க முடியாது. இன்றைய டிபன், இன்று வாங்க வேண்டியது என்ற அளவில் ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று இருக்கலாம்.

எந்த வீட்டுக்கு எது

இரண்டு பேர் மட்டும், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் போன் காலண்டரும் ஒரு நோட்டும் போதும்; சுவரில் யாருக்காக எழுதுவது? சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு மாதக் காலண்டர், லாங் சைஸ் நோட்டு, அலாரத்துக்கு மட்டும் போன். தினசரி காலண்டர் அதன் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆறேழு பேர் உள்ள கூட்டுக்குடும்பத்துக்குப் பெயர் போட்ட பத்திகள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு வாரப் பிளானர் நன்றாகவே ஒத்துவரும். பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர்தான், கையோடு ஆபீஸுக்கும் எடுத்துப் போகலாம்.

பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளை இருந்தால், பரீட்சைத் தேதியும் பிராக்டிகல் தேதியும் மட்டும் வீட்டுக் காலண்டரில் ஏறட்டும். எந்தப் பாடத்தை எந்த நாளில் படிப்பது என்பதை அவர்களுடைய தனி நோட்டில் அவர்களே எழுதிக்கொள்ளட்டும். சுவரில் அதை எழுதினால் வருகிற விருந்தாளியெல்லாம் நின்று படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

வாங்கும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. மாதக் காலண்டரை ஜனவரிக்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும், பொங்கலுக்குப் பிறகு எழுத இடமுள்ளவை தீர்ந்துபோய் சாமி படம் போட்டவைதான் மிஞ்சும். நோட்டை மட்டும் ஜூன் முதல் வாரத்தில், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களோடு சேர்த்து ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.